நாய்க் குளியல் மேடைக்குக் குழாய் வேலை: மலை வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

போன டிசம்பரில் நண்பர் ஒருவர், வீட்டில் புதிதாகக் கட்டிய நாய்க் குளியல் மேடையைக் காட்டக் கூப்பிட்டார். சாம்பல் நிற டைல்ஸ், சுடுநீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் பளபளவென்ற மிக்சர் குழாய், கைக்கு அடக்கமான ஷவர். நாயைத் தூக்கி ஏற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்தார். தண்ணீர் வந்தது, போகவில்லை. மேடையின் அடியில் வைத்த ட்ராப்பைவிட (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வடிகால் வளைவு), வீட்டுக் கழிவுநீர் போய்ச் சேரும் கல்லி ட்ராப் வெளியில் 2 இன்ச் உயரத்தில் இருந்தது. அந்த 2 இன்ச்சுக்காக மேடையை அடியோடு உடைக்க வேண்டியதாயிற்று.

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இதுவரை ஆறு வீடுகளில் இந்த வேலைக்குக் கூட நின்றிருக்கிறேன். முதல் வீடு என்னுடையது, தப்புகளும் அதில்தான் அதிகம். ஆறில் ஐந்து பேர் மிக்சர் வாங்குவதிலிருந்து தொடங்கினார்கள். "தண்ணி வர்றதை அப்புறம் பாத்துக்கலாம் சார், போற வழியை முதல்ல காட்டுங்க" என்று எங்கள் பிளம்பர் அண்ணன் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இந்த வழிகாட்டி அவர் சொன்ன வரிசையில்தான் போகிறது: வடிகாலில் தொடங்கி ஷவரில் முடியும்.

1. கடைக்குப் போகும் முன் நாலு அளவுகள்

முதல் அளவு நாய். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம், தோள் உயரம், எடை. லேப்ரடார் அளவு நாய்க்கு மேடையின் உள்ளளவு 4 அடி நீளம், 2¼ அடி அகலம் போதும். அகலத்தைக் கூட்டினால் வசதி என்று தோன்றும். கூட்டினால் நாய் தூரத்துச் சுவரோடு ஒட்டி நின்றுகொள்ளும், உங்கள் கை எட்டாது, மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, கழிவுநீர் போய்ச் சேரும் இடத்தின் மட்டம். இதை டியூப் லெவலில்தான் எடுக்க வேண்டும். ஒளி ஊடுருவும் டியூபில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேடை வரப்போகும் சுவரிலும் மறுமுனையை வெளியே கல்லி ட்ராப் பக்கத்திலும் பிடித்துக் கோடு போடுங்கள். கண்ணளவை நம்பவே கூடாது. சுற்றியுள்ள தேயிலைச் சரிவும் ரோடும் சாய்ந்தே இருப்பதால், இங்கே சமதளம் சாய்வாகவும் சாய்வு சமதளமாகவும் தெரியும். என் நண்பரின் 2 இன்ச் தொலைந்தது அப்படித்தான்.

மூன்றாவது, தண்ணீர்த் தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவரைப் பிடிக்கும் உயரத்துக்கும் இடையே எத்தனை அடி. நாலாவது, ஜனவரியில் காலை 7 மணிக்குக் குழாய்த் தண்ணீரின் சூடு. சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். என் வீட்டில் 13 டிகிரி இருந்தது. கீசரின் அளவை முடிவு செய்யப்போவது இந்த எண்தான், கடைக்காரர் இல்லை.

2. இடம்

கூரைக்கு அடியில், பின்கதவை ஒட்டி. வேறு யோசனை வேண்டாம். கோத்தகிரிக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், கூடலூர்ப் பக்கம் தென்மேற்கில். எந்தப் பக்கமானாலும் வருடத்தில் பாதி நாள் ஈரம்தான். திறந்த வெளியில் கட்டியவர்கள் இரண்டாவது மாதமே பக்கெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பொழுது சாய்ந்தால் சிறுத்தை வரும் ஊர் இது. சோப்பு நுரையோடு கட்டிப்போட்ட நாயை முற்றத்தில் விட்டுவிட்டு டவல் எடுக்க உள்ளே போக முடியாது.

3. கழிவுநீர் எங்கே போய் முடியும்

பெரும்பாலான தப்புகள் இந்த இடத்தில் நடப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செப்டிக் டேங்கில் விடாதீர்கள். ஒரு குளியலுக்கு 40 லிட்டர் சோப்புத் தண்ணீரும் கைப்பிடி முடியும் ஒரு கரண்டி செம்மண்ணும் போகும். மண் அடியில் தங்கித் தொட்டியின் கொள்ளளவைத் தின்னும். உண்ணி மருந்து கலந்த தண்ணீர், உள்ளே வேலை செய்யும் பாக்டீரியாவுக்கும் நல்லதல்ல.

மழைநீர்க் கால்வாயிலும் விடாதீர்கள். நம் கால்வாய் எல்லாம் கடைசியில் ஏதாவதொரு ஓடையில்தான் சேர்கிறது, அதற்குக் கீழே யாரோ குடத்தோடு நிற்கிறார்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை உண்ணி மருந்துகள் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடும் விஷம். உண்ணி மருந்து போடும் நாளில் முதல் அலசலைப் பக்கெட்டில் பிடித்து, ஓடைக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி மண்ணில் ஊற்றுவதுதான் என் பழக்கம்.

மிச்சம் இரண்டு வழிகள். சமையலறைத் தண்ணீர் போகும் கல்லி ட்ராப் அருகில் இருந்து, மட்டமும் ஒத்து வந்தால் அதில் சேர்த்துவிடலாம். சுலபமானது இதுதான். இல்லாவிட்டால் தனியாக ஓர் உறிஞ்சுகுழி: 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழம், அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி. கிணறோ ஊற்றோ இருந்தால் அதிலிருந்து 50 அடியாவது தள்ளி. ஆள் வைத்துக் கடப்பாரை, மண்வெட்டியாலேயே தோண்டிவிடலாம். பொக்லைன் என்றால் இந்த மாவட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும், இவ்வளவு சின்னக் குழிக்கு அந்த அலைச்சல் வீண்.

குழியைத் தடுப்புச்சுவருக்கு மேல்பக்கம் தோண்டவே தோண்டாதீர்கள். சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணில் தண்ணீர் ஊறினால் எடை கூடும், பிடிப்பு தளரும், சுவர் வயிறு தள்ளும். 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நம் குளியல் தண்ணீர் அந்த மழைக்கு முன் தூசுதான். ஆனால் வருடம் முழுக்க ஒரே இடத்தில் ஊறவிட்டால், அடைமழை வரும்போது அந்த மண் ஏற்கெனவே பாதி நனைந்திருக்கும். மேல்தளத்தில் குழிக்கு வேறு இடம் இல்லை என்றால், பைப்பைச் சுவரோடு கிளாம்ப் போட்டுக் கீழ்த்தளத்துக்கு இறக்கி, அங்கே குழி தோண்டிக்கொள்ளுங்கள். சுவரில் தண்ணீர் கசிவதற்காக விட்ட ஓட்டைக்குள் பைப்பைச் சொருகிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

4. வடிகால் பைப்

75 மில்லிமீட்டர் எஸ்டபிள்யூஆர் பைப் (கழிவுநீர், மழைநீர் வடிகாலுக்கானது), ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது. தண்ணீர் அளவுக்கு 50 மில்லிமீட்டரே தாங்கும். ஆனால் முடிக்குத் தாங்காது. ஜல்லடையைத் தாண்டிப்போன முடி, பைப்பின் உள்சுவரில் சோப்போடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். விட்டம் சின்னதென்றால் ஒரு வருடத்தில் அடைப்பு.

வாட்டம், அதாவது பைப்பின் சரிவு, ஒரு அடிக்குக் கால் இன்ச். 20 அடி பைப் என்றால் மொத்தம் 5 இன்ச் இறக்கம். இரண்டாவது அளவில் எடுத்த மட்டக்கோட்டிலிருந்து இந்த 5 இன்ச்சைக் கூட்டி, ட்ராப்பின் ஆழத்தையும் கூட்டினால் மேடையின் தரைமட்டம் எங்கே வரவேண்டும் என்று தெரிந்துவிடும். மேடையின் உயரத்தை இப்படிக் கீழிருந்துதான் கணக்குப் போட வேண்டும். "ஒன்றரை அடி வைத்துக்கொள்ளலாம்" என்று மேலிருந்து முடிவு செய்தால் பைப்புக்கு வாட்டம் கிடைக்காது.

மலையில் இதற்கு நேரெதிரான தப்பும் நடக்கிறது. சரிவு தானாகவே இருக்கிறதே என்று பைப்பை நிலத்தின் சாய்வோடு படுக்க வைத்துவிடுகிறார்கள். வாட்டம் அளவுக்கு மீறினால் தண்ணீர் முந்தி ஓடிவிடும், மண்ணும் முடியும் பின்தங்கிவிடும். இறக்கம் அதிகமாக இருந்தால் பைப்பைச் செங்குத்தாக ஓரிடத்தில் இறக்கி, அங்கே ஒரு சேம்பர் (மூடி போட்ட சின்னத் தொட்டி) கட்டி, அதிலிருந்து மறுபடி கால் இன்ச் வாட்டத்தில் கொண்டுபோங்கள். படிக்கட்டு மாதிரி.

திருப்பங்களில் 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போடுங்கள். முதல் திருப்பத்தில் கதவு வைத்த பெண்ட், அதாவது டோர் பெண்ட், கட்டாயம். அடைத்தால் கம்பி விட வழி வேண்டாமா? அந்தக் கதவு சுவருக்குள் போய்விடாமல் கை நுழையும் இடத்தில் இருக்க வேண்டும்.

பைப் மண்ணுக்கு மேலே போனால் காட்டுமாடு மிதித்துவிடும். ஒரு அடி ஆழத்தில் புதைத்து, கீழே மணல் விரித்து, மேலே உடைந்த செங்கல் அடுக்கி மூடுங்கள். காட்டுப்பன்றி கிளறினாலும் செங்கல்லோடு நின்றுவிடும். வெளியே தெரியும் இடங்களுக்குத் தண்ணீர் கலக்கும் வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். குளிர்ந்த ஊர்தானே என்று வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், உயரத்தில் வெயிலின் புறஊதா அதிகம், பைப் வெளிறி நொறுங்கும்.

5. ட்ராப், ஜல்லடை, மண் சேம்பர்

மேடைக்கு அடியில் நானி ட்ராப், அதாவது தரை வடிகாலுக்கான ட்ராப், ஒன்று. அதில் எப்போதும் நிற்கும் 2 இன்ச் தண்ணீர்தான் வடிகாலின் நாற்றத்தைத் தடுக்கிறது. ட்ராப்பின் வாயில் வெறும் ஜாலி மட்டும் போட்டால் போதாது. எடுத்துக் கழுவக்கூடிய ஸ்டீல் வலைக்கூடை ஒன்று உள்ளே உட்கார வேண்டும். டீ வடிகட்டி அளவுக்கு நெருக்கமான வலை வேண்டாம், குளியலின் நடுவிலேயே அடைத்துக்கொண்டு நாய் கணுக்கால் தண்ணீரில் நிற்கும். கொசுவலை அளவு சரியாக இருக்கும்.

வெளியே, கல்லி ட்ராப்புக்கோ உறிஞ்சுகுழிக்கோ முன்னால், ஒன்றரை அடிச் சதுரத்தில் 2 அடி ஆழ சேம்பர் ஒன்று கட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் பைப், அடியிலிருந்து 8 இன்ச் மேலே. அந்தப் பைப்பின் வாயில், உள்பக்கமாக, ஒரு எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். ஒட்ட வேண்டாம், சொருகினால் போதும், கழற்றிக் கழுவலாம்.

செம்மண் அடியில் தங்கும், முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் மேலே மிதக்கும். எல்போவின் வாய் நடுவில் இருப்பதால் இரண்டும் இல்லாத தண்ணீர் மட்டும் போகும். இது இல்லாமல் நேரே உறிஞ்சுகுழிக்கு விட்ட ஒரு வீட்டில் இரண்டாவது மழைக்காலத்திலேயே குழி குடிப்பதை நிறுத்திவிட்டது. ஜல்லி முழுவதையும் வெளியே அள்ளிக் கழுவிப் போட்டோம், இரண்டு ஆள், இரண்டு நாள்.

6. சுடுநீர்க் கணக்கு

நாயின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி. குளியல் தண்ணீர் 37, 38 போதும். நம் கைக்கு 'கொஞ்சம் ஆறிப்போச்சே' என்று தோன்றும் சூடுதான் அதற்குச் சரி.

கீழ்நாட்டில், அதாவது சமவெளியில், பார்த்துவிட்டு எல்லாரும் கேட்பது 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். 3 கிலோவாட் கீசர், 13 டிகிரித் தண்ணீரை 38 ஆக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் தரும். மேட்டுப்பாளையத்தில் 26 டிகிரியில் வரும் தண்ணீரில் அதே கீசர் மூன்றரை லிட்டர் தரும். கைஷவருக்கு 5, 6 லிட்டராவது வேண்டும். மலையில் அது ஷவர் இல்லை, சொட்டு நீர்ப்பாசனம்.

ஸ்டோரேஜ் கீசர்தான் சரி, ஐஎஸ் 2082 முத்திரையோடு. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 13 டிகிரிப் பச்சைத்தண்ணீரோடு கலந்தால் ஏட்டுக்கணக்கில் 28 லிட்டர் கிடைக்கும். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. சுடுநீர் வெளியேற வெளியேற உள்ளே பச்சைத்தண்ணீர் புகுந்து கலப்பதால் 22, 23 லிட்டரிலேயே ஷவர் ஆறத் தொடங்கும். சின்ன நாய்க்கு அது தாராளம். அடர்ந்த முடியுள்ள பெரிய நாய்க்குச் சோப்பை அலசி முடிக்க எனக்கு 35லிருந்து 40 லிட்டர் ஆகிறது, ஆகவே 25 லிட்டர் கீசர். 2 கிலோவாட் காயிலில் அது 13லிருந்து 60க்குச் சூடேற 40 நிமிடம் பிடிக்கும். இரண்டு நாய் இருந்தால் நடுவில் ஒரு டீ குடிக்கலாம்.

கேஸ் கீசர் பற்றி ஒரே வார்த்தை: மூடிய இடத்தில் வேண்டாம். குளிருக்காகக் கதவு ஜன்னலை நாம் இறுக மூடுகிறோம். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாதது, ஆளையும் நாயையும் சேர்த்தே கொல்லும்.

விறகு பாய்லர் இருக்கும் பழைய வீடுகளில் அதிலிருந்தே இழுக்கலாமே என்று கேட்பார்கள். அதன் சூட்டுக்கு மட்டு கிடையாது. சுடுநீருக்குப் போடும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் 93 டிகிரி வரைதான் தாங்கும், அதுவும் அழுத்தம் குறைந்தால். பாய்லரிலிருந்து வாளியில் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள், குழாய் இணைப்பு வேண்டாம்.

7. அழுத்தம்

ஒவ்வொரு 10 அடி உயரத்துக்கும் 0.3 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 10 அடிதான் என்றால் ஷவர் சோம்பலாக வரும். வீட்டுக்கு மேலே சரிவில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, மலை கொடுத்த வரம். பம்ப் போடத்தான் வேண்டுமென்றால், சுடுநீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் பைப் பிரிவதற்கு முன்னால் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பம்ப் போட்டால் அந்தப் பக்கம் மற்றதை அமுக்கிவிடும், சூடு நிலைக்காது.

சுடுநீரும் பச்சைத்தண்ணீரும் ஒரே தொட்டியிலிருந்து வர வேண்டும் என்பதற்கும் காரணம் அதுவே. கீசருக்குத் தொட்டி, பச்சைத்தண்ணீருக்கு ஊற்று லைன் என்று ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். மேலே 150 அடி உயரத்தில் இருந்து வரும் ஊற்று லைனில் 4.5 பார். மிக்சரைத் திறந்தால் பச்சைத்தண்ணீர் மட்டுமே வந்தது, சுடுநீர் கீசரைவிட்டு நகரவே இல்லை.

8. குழாய் போடுதல்

தொட்டியிலிருந்து வரும் லைன் முக்கால் இன்ச் சிபிவிசி, ஐஎஸ் 15778. கீசரிலிருந்து மிக்சர் வரை அரை இன்ச் போதும், அரை இன்ச்தான் நல்லது. முக்கால் இன்ச் பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும், அரை இன்ச்சில் அதில் பாதி. சுடுநீர் வருவதற்குள் ஆறிப்போன இந்தத் தண்ணீர் முழுவதும் வெளியே போயாக வேண்டும், குளிரில் நடுங்கும் நாய் அதுவரை காத்திருக்க வேண்டும். கீசரை மேடையிலிருந்து 2, 3 மீட்டருக்குள் வைத்து, சுடுநீர் லைனுக்கு ஃபோம் ஸ்லீவ் மாட்டுங்கள்.

பச்சைத்தண்ணீருக்கு மட்டுமே ஏற்ற யுபிவிசி ஃபிட்டிங் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கடையில் பத்து எல்போவில் இரண்டு யுபிவிசி கலந்து கொடுத்துவிட்டார்கள். நிறம் வேறு, சூடு பட்டால் இளகும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எழுத்தைப் படித்துவிட்டு ஒட்டுங்கள். பசையும் சிபிவிசிக்கு உரியதாக இருக்க வேண்டும்.

ஒட்டுவதில்தான் மலைக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. மூடுபனி நாளில் பைப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். விரலால் தடவினால் கோடு விழும். அந்த ஈரத்தின் மேல் பசை பிடிக்காது. பருத்தித் துணியால் பைப்பின் வெளியையும் ஃபிட்டிங்கின் உள்ளையும் நன்றாகத் துடைத்து, பைப்பில் தாராளமாகவும் ஃபிட்டிங்கில் மெல்லிசாகவும் பசை தடவி, கால்சுற்று திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிடியை உடனே விட்டால் பைப் தானாக அரை இன்ச் வெளியே நழுவும். வெளியில் ஒன்றும் தெரியாது.

கீழ்நாட்டு பிளம்பர்கள் ஒட்டிய இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் திறப்பார்கள். இங்கே 15 டிகிரிக்குக் கீழே பசை உலர நேரம் பிடிக்கும். நான் 48 மணி நேரம் விடுகிறேன்.

மரை வரும் இடங்களில் எல்லாம் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங். பிளாஸ்டிக் மரை சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்கி, ஒரு குளிர்காலத்துக்குள் கீறல் விடும். கீசரோடு நேரே பைப்பை இணைக்காமல் வளையும் ஹோஸ் வைத்து இணையுங்கள். கிளாம்பை இறுக்கிக் கட்டாதீர்கள், 3 மீட்டர் சுடுநீர் லைன் சூடேறும்போது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளும், அது நகர இடம் வேண்டும்.

கீசரின் பச்சைத்தண்ணீர் வாயில் கம்பெனி கொடுத்த சேஃப்டி வால்வைக் கழற்ற விடாதீர்கள். "இது இருந்தா ஃபோர்ஸ் குறையும்ணா" என்று உதவியாள் தம்பி சொல்வார். சூடேறும்போது அது சொட்டுவதும் பழுது இல்லை, விரியும் தண்ணீர் வெளியேறும் வழி அது. அந்த வாயில் பிளக் போட்டு அடைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். சின்ன டியூப் மாட்டி மேடைக்குள் விட்டால் விஷயம் முடிந்தது. இதோடு மிக்சருக்குப் போகும் இரண்டு லைனிலும் திறந்து மூட ஒவ்வொரு பால் (ball) வால்வும், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்ஆர்வி ஒவ்வொன்றும் வையுங்கள். ஏன் என்று பன்னிரண்டாவது பகுதியில் சொல்கிறேன்.

9. மூடுவதற்கு முன் சோதனை

பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடியைப் பூசி மூடும் முன் எல்லா முனைகளையும் பிளக் போட்டு அடைத்துத் தண்ணீரைத் திறந்து ஒரு இரவு விடுங்கள். டெஸ்ட் பம்ப் கிடைத்தால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று இரண்டு மணி நேரம் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க எங்கள் கொத்தனார் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துவிட்டு, விபூதியைத் தொட்டுச் சுற்றிலும் பூசிவிடுவார். பனியின் ஈரத்தில் விபூதி ஒரே சீராக மங்கும். கசியும் இடத்தில் மட்டும் கீழ்நோக்கி ஒரு கோடு இறங்கியிருக்கும். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பட்டை போட்ட நெற்றியில் வியர்வை வழிந்த மாதிரி தெரியும்.

வடிகாலையும் இப்போதே பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை மண்ணைக் கரைத்து ட்ராப்பில் ஊற்றி, சேம்பரில் கலங்கல் வந்து சேர்கிறதா, பைப்பில் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

10. மின்சாரம்

பூச்சுக்கு முன்னாலேயே எலக்ட்ரீஷியன் வந்துவிட வேண்டும். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட், தனி லைன், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த். நாய் நாலு காலும் ஈரத்தில் வைத்து நிற்கிறது, செருப்பு கிடையாது. ஸ்டீல் தொட்டி வைப்பதாக இருந்தால் அதற்கும் எர்த் கொடுங்கள்.

சாக்கெட்டும் ஸ்விட்சும் மேடையிலிருந்து 6 அடியாவது தள்ளி. லேப்ரடார் ஒருமுறை உடம்பை உதறினால் எதிர்ச்சுவர் வரை தெறிக்கும். கட்டும்போது யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை.

11. மேடையும் டைல்ஸும்

பெரிய நாய்க்கு ஒன்றரை அடி உயரம், சின்ன நாய்க்கு இரண்டரை. நாலாம் பகுதிக் கணக்கு இதைவிட அதிகம் கேட்டால் அதிகமே வையுங்கள், முன்னால் ஒரு படி கட்டிக்கொண்டால் வயதான நாயும் ஏறும்.

மேடையின் தரைக்கும் அடிக்குக் கால் இன்ச் வாட்டம், நாலு பக்கத்திலிருந்தும் ட்ராப்பை நோக்கி. வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்து, ட்ராப்பை அடைத்து 2 இன்ச் தண்ணீர் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு ஒரு நாள் விடுங்கள். கோட்டிலிருந்து இறங்கினால் டைல்ஸ் ஒட்டக் கூடாது.

டைல்ஸ் சொரசொரப்பானதுதான். வழவழப்பானதன்மேல் ரப்பர் மேட் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். மேட் முடியை ட்ராப்புக்குப் போகவிடாது, அடியில் பாசி பிடிக்கும். வழுக்கிப் பயந்த நாய் அடுத்த முறை மேடைப் பக்கமே வராது. இடுக்குகளுக்கு எபாக்ஸி க்ரௌட், சுவரில் 4 அடிவரை டைல்ஸ். கழுத்துப்பட்டையை மாட்ட ஒரு ஸ்டீல் வளையத்தைச் சுவரின் கல்லிலேயே இறக்கிவிடுங்கள், டைல்ஸில் மட்டும் பிடித்த வளையம் முதல் இழுப்பிலேயே கையோடு வரும்.

12. மிக்சரும் கைஷவரும்

மிக்சர் குறுகிய பக்கச் சுவரில் இருக்கட்டும். நீளப் பக்கத்தில் வைத்தால் நாய் திரும்பும்போது உடம்போ காலோ பட்டு லீவர் சுடுநீர்ப் பக்கம் போய்விடும். பட்ஜெட் இடம் கொடுத்தால் தெர்மோஸ்டாட் மிக்சர். இல்லாவிட்டால் கீசரின் சூட்டையே 50க்குக் குறைத்து வையுங்கள், தண்ணீர் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், பரவாயில்லை.

கைஷவருக்கு ஒன்றரை மீட்டர் ஹோஸ், விரலால் அழுத்தும் ட்ரிக்கர். ட்ரிக்கரை விட்டதும் தண்ணீர் நிற்கிறதே என்று மிக்சரைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அப்போது இரண்டு லைனும் மிக்சருக்குள் ஒன்றோடொன்று திறந்தே இருக்கும். அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் பச்சைத்தண்ணீர் சுடுநீர் லைனுக்குள் ஏறும், வீட்டின் மற்றக் குழாய்களில் சூடு தடுமாறும். ஹோஸும் இரவு முழுக்க அழுத்தத்தில் இருந்து வெடிக்கும். என்ஆர்வி வைக்கச் சொன்னது இதற்காக. அழுக்குத் தண்ணீர் உள்ள வாளியில் ஷவர் முழுகிக் கிடக்கும்போது தொட்டி காலியானால், அந்தத் தண்ணீர் லைனுக்குள் உறிஞ்சப்படாமல் தடுப்பதும் அதுதான். இருந்தாலும் குளியல் முடிந்ததும் மிக்சரை மூடிவிடுங்கள்.

13. முதல் குளியல்

கீசர் ஸ்விட்சைத் தொடும் முன் சுடுநீர்ப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். புஸ்புஸ் என்று காற்று வந்து, பிறகு தண்ணீர் ஒரே சீராக வரவேண்டும். தொட்டி நிறையாமல் ஸ்விட்ச் போட்டால் காயில் கருகும்.

நாய் இல்லாமல் ஒருமுறை முழுக் குளியல் நடத்திப் பாருங்கள்: எத்தனையாவது லிட்டரில் தண்ணீர் ஆறுகிறது என்று வாளியில் பிடித்து எண்ணிக்கொண்டால், அலசலை எப்போது தொடங்க வேண்டும் என்று தெரியும். என் மேடையில் 38 லிட்டர். சோப்புக்கு 12 லிட்டருக்கு மேல் செலவழித்தால் நாயின் கடைசிக் காலைப் பச்சைத்தண்ணீரில்தான் அலச வேண்டும்.

பிறகு நாயை ஏற்றுங்கள். முதல் நாள் சோப்பு வேண்டாம், காலை மட்டும் நனைத்து, பிஸ்கட் கொடுத்து இறக்கிவிடுங்கள். வலைக்கூடையை அன்றன்றைக்கே எடுத்து உதறிவிட வேண்டும், மறுநாள் என்றால் முடி காய்ந்து கம்பியோடு பின்னிக்கொள்ளும், பழைய டூத்பிரஷ்தான் கதி. சேம்பர் மண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அள்ளுங்கள்.